உள்ளே பழம் இருக்கிறது

அன்பு மகளே,

நம் கடைப் பிஸ்கட் எப்படிப் பிறந்தது என்று உன் மகள் போனில் கேட்டாள். அம்மா பக்கத்திலேயே இருந்ததால் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சின்ன வயதில் பேரீச்சம்பழம் கொடுத்தாலே நீ துப்பிவிடுவாய். அம்மா அதை மசித்து, மாவுக்குள் வைத்து மூடி, ஓரத்தை முள்கரண்டியால் அழுத்திச் சுட்டாள். ஏமாந்து தின்றாய். வாசனை பிடித்து வந்த அக்கம்பக்கத்தாரும் கேட்கக் கேட்க, அதுவே கடையாயிற்று. பிறகு அத்திப்பழம் வைத்தோம், ஜாம் வைத்தோம். நீ கல்லூரிக்குப் போன காலத்தில் எல்லோரும் சாக்லேட் கேட்டார்கள். அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டே அதையும் வைத்தாள்.

இப்போது நான் மாத்திரை வைக்கிறேன்.

கையில் கொடுத்தால், "யாருய்யா நீ? எனக்கெதுக்கு மருந்து?" என்று தட்டிவிடுகிறாள். டாக்டரோ, "எப்படியாவது குடுத்துடுங்க" என்கிறார். அதனால் பிஸ்கட்டைக் கீறி, பழத்துக்குள் மாத்திரையைப் புதைத்துத் தருகிறேன். கொல்லன் தெருவில் ஊசி விற்க முடியுமா? ஓரத்தைத் தடவிப் பார்க்கிறாள். பிட்டு, மாத்திரையை மட்டும் எடுத்து மேஜையில் வைத்துவிடுகிறாள்.

நேற்று மிச்சத்தையும் தின்னவில்லை. கைக்குட்டையில் மடித்து என்னிடம் கொடுத்தாள்.

"பாப்பா பள்ளிக்கூடத்துலேர்ந்து பசியோட வருவா. உள்ள பழம் இருக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க. எப்பங்க வருவா?"

வாங்கி டப்பாவில் வைத்திருக்கிறேன். ஒரு வாரம் கெடாது.

உன் அப்பா