கல் பங்களாவுக்கு வந்த மொய்

3 பிப்ரவரி 1974, ஞாயிறு
கல் பங்களாவைப் பார்க்க இன்று நான்கு கார். தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை உட்கார்ந்த நாற்காலியைப் பார்க்க ஐந்து நிமிஷம். மீதி நேரமெல்லாம் பின்னாலிருக்கும் எங்கள் வீட்டில்தான். தண்ணீர், வெந்நீர், கக்கூஸ். பங்களாக் காவல் என் வேலை, என் பெண்டாட்டி வேலையா? வருகிறவர்களுக்குக் கக்கூஸோடு தனிக் கூடம் சித்திரைக்குள் எழும்பாவிட்டால் போடிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விடுவாளாம் பூமாரி. சொன்னால் செய்கிறவள். பயமாக இருக்கிறது.

12 பிப்ரவரி
தோட்டக் கம்பெனி கல்லும் மரமும் மட்டும் தருமாம். மற்றதற்குக் கமிட்டி. தேயிலை ஃபாக்டரி டீமேக்கர் யாக்கோபு அண்ணன் தலைவர், நான் செயலாளர். ரசீதுப் புத்தகத்தோடு தொழிலாளர் குடியிருக்கும் நான்கு லயம் ஏறி இறங்கினோம். செத்துப்போன துரை வீட்டுக்கு நாங்கள் எதற்குத் தர வேண்டும் என்கிறார்கள். நியாயம்தானே? வசூல் ஆறு ரூபாய். அதில் மூன்று அண்ணன் போட்டது.

17 பிப்ரவரி
பூமாரி சிரித்தாள். "ரசீதுக்கு எவன் குடுப்பான்? பத்திரிக்க அடிச்சு, எலயப் போட்டு, மொய் நோட்டத் தொறந்து வைங்க. தானா வரும்."
என்ன விசேஷம் என்று அடிப்பது? பங்களாவுக்குக் காதா குத்த முடியும்?

20 பிப்ரவரி
பங்களா கட்டி அறுபது வருஷம். அறுபதாம் கல்யாணம் என்றே அடித்துவிட்டோம். பொண்ணு யாருடே என்று அண்ணன் கேட்டார்.

10 மார்ச், ஞாயிறு
சின்னக்கானல் ஊரே திரண்டு வந்து சாப்பிட்டது. ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய்! யார் வீட்டு விசேஷம் என்று நோட்டின் தலையில் எழுதாமல் ஒருவரும் பணத்தை நீட்டவில்லை. அவசரத்தில் பொன்ராஜ் என்று என் பெயரைப் போட்டேன்.

14 ஏப்ரல்
கூரை ஏறிவிட்டது. பூமாரி போடிப் பேச்சை எடுக்கவில்லை.

22 ஏப்ரல்
இன்று மட்டும் ஏழு பத்திரிகை. முதலாவது கொழுந்து பறிக்கும் குருவம்மாள் அக்கா வீட்டுச் சடங்கு. பேத்தி ஆளாகியிருக்கிறாள். "நான் பத்து ரூவா வச்சேன். அதுக்கு மேல ஒரு ரூவாயாவது கூட வைக்கணும்லா தம்பி, மொறைன்னு ஒண்ணு இருக்குல்லா" என்றது.
மொய் வைத்தவர்கள் மொத்தம் நூற்றுப் பதின்மூன்று பேர். என் பெயரில்! கமிட்டிப் பணம் கூரையில் இருக்கிறது. நான் எங்கே போவேன்?

23 ஏப்ரல்
என் சம்பளத்தில் மாதம் ஆறு ரூபாய் ஒதுக்கி அடைத்தால் 1991 வரை ஆகும்.

5 மே
பூமாரிதான் காப்பாற்றினாள். மொய் வைத்த வீடுகளுக்கு ஒரு விசேஷத்துக்குக் கூடம் இலவசம், அதுவே திருப்பிச் செய்த முறை. லயத்தில் இலை போட இடம் ஏது? எல்லோருக்கும் சம்மதம். என் சாமியே இவள்தான்.

26 மே, ஞாயிறு
கூடத்தில் குருவம்மாள் அக்கா வீட்டுச் சடங்கு. பங்களா பார்க்க வந்த பம்பாய்த் தம்பதியையும் கையைப் பிடித்துப் பந்தியில் உட்காரவைத்தார்கள். சாப்பிட்டு எழுந்தவர்கள், மற்றவர்களைப் பார்த்துத் தாங்களும் ஐந்து ரூபாய் மொய் நீட்டினார்கள். பங்களாவுக்கு வந்தவர்கள் பொன்ராஜ் வீட்டு விருந்தாளிகள் என்று அக்கா வாங்க மறுத்துவிட்டது. பூமாரி எங்கள் நோட்டில் எழுதிக்கொண்டாள், முழு விலாசத்தோடு. அவர்கள் மகளுக்குத் தை மாதம் கல்யாணமாம். அதையும் கேட்டு வைத்திருக்கிறாள்.
பம்பாய்க்கு இரண்டு பேருக்கு ரயில் கட்டணம் எவ்வளவு என்று நாளைக்கு விசாரிக்க வேண்டும்.