தெளிந்த காலையில் என் மழை

மார்ச் 4, செவ்வாய்

பாலம், மழை. மறுபடியும் பாலம், மழை. காலையிலிருந்து இதே படம்தான்.

ஜப்பானில் அந்தக் காலத்தில் மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த இயற்கைக் காட்சிகளைப் பார்த்து நாங்கள் கையால் வரைகிறோம். ஒரு தாளில் முதலில் அக்கா வானம் போடுவாள். அடுத்து மலையண்ணன் மலை, மரம், பாலம், படகு எல்லாம் போடுவார்; அதனால்தான் அந்தப் பெயர். கடைசியில் என்னிடம் வரும். எனக்கு மழை மட்டும். மெல்லிய பிரஷில் கறுப்புக் கோடு, சாய்வாக. மழை இல்லாத படமென்றால் தாளைப் பலகையிலிருந்து பிரித்து அடுக்கிவைப்பதோடு சரி.

முதலாளி என்னை ஊமைமழை என்கிறார். கோபம் வருவதில்லை. உண்மைதானே.

மார்ச் 7, வெள்ளி

அக்காவின் கை நடுங்குகிறது.

வானம் மேலே அடர்நீலமாகத் தொடங்கி, கீழே வர வர வெளுத்து, ஒன்றுமில்லாமல் போகவேண்டும். அகல பிரஷில் ஒரே இழுப்பு. நடுவில் கை தயங்கினால் பட்டை விழும். இன்று வந்த தாள்களில் பட்டை பட்டையாக நிற்கிறது, பாதி துடைத்த கரும்பலகை மாதிரி. பாலத்துப் படம் என்பதால் பிழைத்தோம். அந்த இடங்களில் மழையை நெருக்கிப் போட்டேன். தெரியவில்லை.

வீட்டில் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். "குளிருதுடி" என்றாள். குளிரவே இல்லை.

மார்ச் 13, வியாழன்

கேட்கலாமா? எப்படி ஆரம்பிப்பது?

வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் குரல் வராமல் நின்றவள் நான். அதனாலேயே ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அம்மாவும் அப்பாவும் இல்லாத வீட்டில் என்னை என்ன செய்வதென்று தெரியாமல் அக்கா இங்கே கூட்டிவந்தாள். "பேசமாட்டா சார். ஆனா கோடு நேரா வரும்" என்று முதலாளியிடம் சொன்னாள். கடையில், பஸ்ஸில், எங்கே போனாலும் எனக்கு வாய் அவள்தான்.

அவளுக்கு இருப்பது அந்தக் கை. அதுவும் போனால்? எழுதவே பிடிக்கவில்லை.

மார்ச் 19, புதன்

ஒரு பெரிய ஹோட்டலிலிருந்து ஆர்டர். எல்லா அறைக்கும் ஒரே படம்: பனி மூடிய மலை, தெளிந்த காலை. முக்கால்வாசி வானம்தான்.

"இந்த வாரம் உனக்கு லீவு மாதிரிதான், ஊமைமழை!" என்று முதலாளி சிரித்தார். அக்காவும் சிரித்தாள். நான் அவள் கையைப் பார்த்தேன்.

மார்ச் 21, வெள்ளி

போட்டுவிட்டேன்.

முதல் தாளிலேயே வானம் முழுக்கப் பட்டை. பிரிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் மெல்லிய பிரஷை எடுத்து, மலைமேல் மழை போட்டேன். அடுத்ததிலும். நன்றாக வந்த வானங்களை அடுக்கின் மேலே வைத்தேன். முதலாளி மேலே இருப்பதைத்தான் பார்ப்பார்.

மலையண்ணன் பார்த்துவிட்டார். குனிந்து, "என் மலை நனையுதே பாப்பா. சளி பிடிச்சா யாரு பார்க்கறது?" என்றார். சிரிக்கவில்லை. அக்காவின் கையை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

மார்ச் 24, திங்கள்

இன்றும் மழை.

ஏப்ரல் 2, புதன்

ஹோட்டலுக்குப் போன பெட்டிகள் திரும்பி வந்துவிட்டன.

முதலாளி படங்களை ஒவ்வொன்றாக மேசைமேல் வீசினார். "தெளிஞ்ச காலைன்னு கேட்டா ரூமுக்கு ரூம் அடைமழை! குடையும் சேர்த்து அனுப்பலையான்னு கேக்கறான் அந்த ஆளு. ஏன் போட்டே? வாயத் தொறந்து சொல்லு!"

மழை யார் வேலை என்று எல்லோருக்கும் தெரியுமே. நான் சொல்லியிருக்கலாம். விரலால் அந்தப் பட்டைகளைத் தொட்டுக் காட்டியிருந்தால்கூடப் போதும். மலையண்ணன் கழுவிய பிரஷையே கழுவிக்கொண்டிருந்தார். நான் அக்காவைப் பார்த்தேன். ஏதாவது சொல்லேன்க்கா, எப்பவும் நீதானே பேசுவே —

அவள் ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். என் கோடுகளுக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்துவிட்டாள். தாளைக் கீழே வைத்தாள். கைகளைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள். வாயைத் திறக்கவில்லை.

"நாளையிலேர்ந்து வராதே" என்றார் முதலாளி. என்னிடம்.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, "உன்ன யாரு போடச் சொன்னா?" என்றாள் அக்கா. அவ்வளவுதான். யாரு சொல்லணும்? ஒரே பாயில படுத்து எழுந்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா?

ஏப்ரல் 3, வியாழன்

அவள் வேலைக்குப் போனாள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மத்தியானமே வந்துவிட்டாள். அவள் பட்டைகளை மூடுவதற்கு இப்போது என் மழை இல்லை. எத்தனை நாள் தாங்கும்?

செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். "கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்காரு." அவளுடைய அகல பிரஷ் பையில் இல்லை. அங்கேயே விட்டுவிட்டாள்.

டாக்டரிடம் போகலாம் என்றேன். சுவரைப் பார்த்துக்கொண்டு, "போன மாசமே போயிட்டு வந்துட்டேன். இது கூடிக்கிட்டேதான் போகுமாம்" என்றாள்.

எனக்குச் சொல்லவில்லை. நானும்தான் அவளுக்குச் சொல்லவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

மலையண்ணன் வந்தார். அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நின்று, "அன்னிக்கே சொல்லியிருக்கணும். நீ எதுக்கு மழை போட்டேன்னு இப்பத்தான் முதலாளிகிட்ட சொன்னேன். உன்ன வரச் சொல்றாரு" என்றார். தரையைப் பார்த்தார். "மழைக்கு இல்ல பாப்பா. வானத்துக்கு. வேற ஆளுங்களப் போட்டுப் பார்த்தாச்சு, ஒருத்தருக்கும் வரல. அவ கையையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தவ நீதானே."

ஏப்ரல் 16, புதன்

மழைக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

அவள் நாற்காலி. அவள் பிரஷ், பிடியில் அவள் விரல் தேய்த்த பள்ளம். தாளை நனைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். நீலம் இறங்கியது, வெளுத்தது, ஒன்றுமில்லாமல் போனது. ஒன்றாவது கெட்டுப்போகும் என்று நினைத்தேன். கெடவில்லை. அதற்குத்தான் அழுகை வந்தது.

மலையண்ணன் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "மழை வேணாமா?"

"வேணாம்ணே."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே என் குரலை யாரும் கேட்டதில்லை.

வருகிற வழியில் தெருக்குழாயில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். சாப்பிட உட்கார்ந்தபோது அக்கா என் விரலைப் பிடித்து நிறுத்தினாள். நகக்கண்ணில் நீலம். மழைக்குக் கறுப்புதான்.

  எழுந்துபோய் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். வரும்போதே பாதி சிந்திவிட்டது.

"வெறும் தண்ணிக்குப் போகாதுடி" என்று சொல்லி, நடுங்கும் கையால் என் நகங்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துவிட்டாள்.