வலிக்குப் போட்ட மார்க்கு

என்னங்க,

தையல் கடைக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல மூடி இருக்கு, சூடு பண்ணிக்கோங்க.

நாலு மணிக்கு உங்க அக்கா வராங்க, வலிக்கு நான் கட்டற காந்த பெல்ட்டை வாங்கிட்டுப் போக. குடுக்காதீங்க.

ஃப்ரிட்ஜ்ல நீங்க ஒட்டின தாள்ல, வலி பத்துக்கு எவ்வளவுன்னு தினமும் எழுதறேனே, எட்டுல ஆரம்பிச்சு மூணுக்கு வந்திருக்கு. அது பொய். பெல்ட் கட்டினாலும் எட்டு, கட்டாட்டியும் எட்டு. உடம்பெல்லாம் வலிக்கிற இந்த ஃபைப்ரோமயால்ஜியா அப்படியேதான் இருக்கு. காலையில காபியோட வந்து நீங்க அந்தத் தாளைப் பார்ப்பீங்க. நம்பர் குறைஞ்சா மலர்ற அந்த முகத்துக்காக ஒவ்வொண்ணா குறைச்சேன்.

நேத்து, "மூணுதானே, அதுக்கு எதுக்கு இப்படி முனகறே?"ன்னு கேட்டீங்க. கோபம்கூட வரலை. நானே தைச்ச சட்டை, என் கழுத்தையே பிடிக்குது.

ஆனா உங்க அக்கா என் மூணை நம்பி மூட்டுவலி மாத்திரையை நிறுத்திட்டாங்களாம். காலையில போன்ல சந்தோஷமா சொன்னாங்க. உண்மையைச் சொல்லாமலே போனை வெச்சுட்டேன். நீங்க சொல்லிடுங்க, உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. பொய் சொன்னது நான்தான்னும் சொல்லுங்க.

பால் காய்ச்சும்போது பொங்கிடும், பக்கத்துலயே நில்லுங்க.

பெல்ட்லேர்ந்து கழண்ட காந்தம் ஒண்ணு அந்தத் தாளை நல்லாப் பிடிச்சிருக்கு. அதுக்காவது ஆச்சு.

இன்னிக்குக் கட்டத்துல எட்டு போட்டிருக்கேன். நாளைக்கும் காபியோட வந்து பாருங்க.