எஞ்சினுக்குப் போர்த்திய துணி

மங்காஃப், குவைத்
14.10.2006

சஜினுக்கு மைனி ஜெஸ்மி எழுதுவது. இயேசுவுக்குப் புகழ். எப்போதும் முதலில் உன் சுகத்தைக் கேட்பேன். இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. எஞ்சினுக்கே போர்வை போர்த்திப் பார்த்துக்கொள்கிறவன் சுகமாகத்தான் இருப்பாய்.

என்னோடு ரூமில் இருக்கிற அஜிஷா, லீவு முடிந்து ஊரிலிருந்து நேற்றுத் திரும்பி வந்தாள். கல்லறைத் திருநாளன்று உன் அண்ணன் விபினின் கல்லறையில் விரிக்கச் சொல்லி நான் அவளிடம் கொடுத்தனுப்பிய துணியைக் கடற்கரையில் பார்த்தாளாம். வள்ளத்து எஞ்சினுக்கு மேலே, கயிறு போட்டுக் கட்டி! கேட்டதற்கு, மண்டையோடு தைத்த துணியைக் கல்லறையில் விரித்தால் ஊர் சிரிக்கும், மைனிக்குக் குவைத் போய்க் கிறுக்குப் பிடித்துவிட்டது, துணி நல்ல கட்டியாக இருந்ததால் எஞ்சினுக்குப் போட்டேன் என்றாயாம். உனக்கு வெட்கமாக இல்லையா? டியூட்டி முடிந்து வந்து, சோறு ஆறிப்போவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்து தைத்த துணி அது.

அது பேய்ப்படம் இல்லை. எதிர் பிளாட்டில் லூப்பே என்று ஒரு மெக்சிகோக்காரி இருக்கிறாள். அவர்கள் ஊரிலும் நம் கல்லறைத் திருநாள் அன்றைக்குத்தான் இறந்தவர்களை நினைக்கிறார்கள். ஆனால் அழுகை கிடையாது. செத்தவர் வீட்டுக்கு வருகிறார் என்று அவருக்குப் பிடித்ததைச் சமைத்து, கேந்திப்பூவைக் குவித்து, சிரிக்கிற மண்டையோட்டைக் கலர் கலராகச் செய்து வைப்பார்களாம். அவள் துணியில் தைத்திருந்ததைப் பார்த்ததும் எனக்கு உன் அண்ணன் ஞாபகம்தான் வந்தது. வள்ளத்துக்குக் கிளிப்பச்சையும் ரோஸும் அடித்துவிட்டு, ஐஸ் வண்டி என்று ஊரே கேலி பண்ணியபோது கூடச் சேர்ந்து சிரித்த மனுஷன். அவருக்குப் போய்க் கறுப்புத் துணியா விரிக்கச் சொல்கிறாய்?

மண்டையோட்டைக் கண்டாயே, அதன் பல்லைப் பார்த்தாயா? முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டுத் தைத்திருக்கிறேன். கூடப்பிறந்தவனுக்கே அண்ணனின் சிரிப்பு தெரியவில்லையென்றால் நான் யாரிடம் போய்ச் சொல்ல?

புருஷன் அடக்கத்துக்கே வராதவள் இப்போது துணி அனுப்புகிறாள் என்று கோயில் வாசலில் பேசினாயாமே. பாஸ்போர்ட் கம்பெனிக்காரன் கையில் இருந்தது சஜின். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அது என் கைக்கு வருவதற்குள் நீங்கள் மண் போட்டுவிட்டீர்கள். அதற்குப் பிறகு கேட்டபோதெல்லாம் லீவு மாஃபி, லீவு இல்லை என்று ஒரே பதில்தான். கல்லறை எந்த மூலையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. இங்கே ஆஸ்பத்திரியில் யார் யாரோ இறந்தால் முகம் துடைத்து, தாடை கட்டி, வெள்ளை சுற்றி அனுப்புகிற கை இது. என் புருஷன் முகத்தைத் துடைக்க இந்தக் கைக்குக் கொடுத்து வைக்கவில்லை. இந்தக் கை தைத்ததைத்தான் நீ எஞ்சினில் கட்டிப்போட்டாய்.

மாமிக்குக் கால்புண் இன்னும் ஆறவில்லை என்று அஜிஷா சொன்னாள். நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போய்க் காட்டு. சுகர் மாத்திரையைத் தினமும் நீயே எடுத்துக் கொடு, வெறுங்காலோடு மணலில் நடக்க விடாதே. இந்தக் கடிதத்தை மாமியிடம் வாசித்துக் காட்டாதே. கோபம் உன்மேல் மட்டும்தான்.

துணியை இன்றைக்கே அவிழ்த்துவிடு. பச்சைத் தண்ணீரில் அலசு. பிரஷ் போட்டுத் தேய்க்காதே, நூல் பிரிந்துவிடும். மண்ணெண்ணெய்க் கறை போகாவிட்டால் இருக்கட்டும், அவர் சட்டையிலும் அது எந்நாளும் இருந்ததுதான். திருநாளன்று ஃபாதர் கல்லறை மந்திரிக்க வருமுன் விரித்து, காற்றில் பறக்காமல் நாலு மூலைக்கும் கல் வை. ஊர் சிரித்தால் சிரிக்கட்டும், நீ அங்கேயே நில்.

அந்தோனியார் உனக்கு நல்ல புத்தி கொடுக்கட்டும். கடலில் ஒரு கேடும் வராமல் மாதா உன்னைக் காக்கட்டும். கோபத்தில் இருந்தாலும் இதை மனசார எழுதுகிறேன். எனக்காக ஒன்றே ஒன்று செய் சஜின் மக்களே. துணியை விரித்த பிறகு கொஞ்சம் குனிந்து, அண்ணா, மைனி வந்திருக்கா என்று அவரிடம் சொல்.

இப்படிக்கு,
விபின் மனைவி ஜெஸ்மி