‘ஆச்சா’ என்று கேட்டவள் நர்ஸ் இல்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், நலமில்லை என்று எழுதினால் தூங்கமாட்டாய், அதனால் இருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். நீ அங்கே சளி இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு இருக்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். அப்புறம் நீ கூப்பிட்டபோதும் எடுக்கவில்லை. போன் கெட்டுப்போச்சு என்று தையல்கடை அம்மா உன்னிடம் சொன்னது பொய், நான்தான் சொல்லச் சொன்னேன். கோபம் வந்தால் எனக்கு வாய் வராது, அழுகைதான் வரும். எழுதினால் கொஞ்சம் அடங்குகிறது, எழுத்துக்கூட்டுவதிலேயே பாதிக் கவனம் போய்விடுகிறது. தப்பு இருந்தால் திருத்தாமல் படி, டீச்சர் வேலையைக் காலேஜோடு வைத்துக்கொள்.

வீட்டில் புதிதாக ஒன்றும் இல்லை. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, அப்பா இருந்தால் நூலைச் சுற்றி நிறுத்தியிருப்பார், நான் அடியில் கிண்ணம் வைத்திருக்கிறேன். அவருடைய டிரைவர் சட்டைகளைத் துவைத்து மடித்து வைத்தேன், யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லை, அதில் இருக்கிற பொத்தான் அத்தனையும் நான் தைத்தது. பள்ளிக்கூட பஸ் இப்போதும் அதே நேரத்துக்கு நம் தெருவில் திரும்புகிறது. புது டிரைவர் முனையில் ஹாரன் அடிக்கிறான். அப்பா ஒரு நாளும் அடித்ததில்லை, தூங்குகிற பிள்ளை எழுந்துவிடும் என்பார். கடையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிற மிஷின் வாங்கிவிட்டார்கள். ஆனால் நல்ல துணிக்கு மட்டும் இன்னும் என் கைதான். போன வாரம் துணி கொடுக்க வந்த ஒருத்தி உங்கள் பெண் என்ன வேலை என்று கேட்டாள். ஒரே வீட்டில் ஆளுக்கொரு சாமி கும்பிட்டால் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிற புரபசர் என்று நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே சொன்னேன். கடைக்காரம்மா சும்மா இருப்பாளா, “எங்க வீட்டுல ஒரே சாமிதான், ஆனா பத்து வருஷமா பேச்சே இல்ல, அதைப் படிக்க யாராச்சும் வருவாங்களா அக்கா?” என்றாள். துணி கொடுக்க வந்தவள் சிரித்த சிரிப்பில் அளவு கொடுக்கவே மறந்து போனாள்.

அந்தக் கடைக்காரம்மாதான் நீ மேடையில் பேசியதைத் தன் போனில் போட்டுக் காட்டினாள். நம் பேச்சிலேயே பேசியிருந்தாய். நீ மெலிந்து இருந்தாய், அது இருக்கட்டும். ஒரு வீட்டில் ஒரு நர்ஸ் அம்மா, அவள் புருஷன் மளிகைக் கடை வைத்திருக்கிறார், அவருக்கு ஒரு சாமி அவளுக்கு ஒரு சாமி என்று ஆரம்பித்தாய். அவர் தட்டின் முன்னால் கண்ணை மூடி ஜெபம் பண்ணுவாராம், அவள் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாளாம், அவர் கண்ணைத் திறந்ததும் “ஆச்சா?” என்பாளாம், அவர் “ஆச்சு” என்பாராம், அப்புறம்தான் சோறு விழுமாம். அந்த அம்மாவை நினைத்தால் எனக்குப் பேச்சு வரவில்லை என்று சொல்லித் தண்ணீர் எடுத்துக் குடித்தாய். என் வயிறு எரிந்ததா இல்லையா என்று அந்தக் கடைக்காரம்மாவைக் கேள். அது நம் வீட்டுச் சொல். நானும் உன் அப்பாவும் கல்யாணமான புதிதில் எந்தச் சாமிக்கு எந்தச் சுவர் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்து, கடைசியில் மிச்சம் பிடித்து வைத்த ஒரே சொல். அது எவளோ ஒரு நர்ஸ் வாயில் எப்படிப் போனது? நீதான் எடுத்துக் கொடுத்திருப்பாய் என்று நினைத்தேன். அவளுக்காகத் தொண்டை அடைக்கிறது உனக்கு, என்னிடம் பேசும்போது இன்னொரு கையால் கம்ப்யூட்டரைத் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நீ ஊரார் அம்மாக்களை எல்லாம் உட்காரவைத்துக் கேட்கிறாய், உன் அம்மா தானே பேசிக்கொள்வாள் என்று விட்டுவிட்டாய் போல. அந்த நர்ஸோடு மனசுக்குள் நான் போட்ட சண்டையில் அன்று எடுத்த காஜா ஒன்றுகூட நேராக வரவில்லை.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை எடுத்த எடுப்பிலேயே உன் நர்ஸ் அம்மா சௌக்கியமா என்று கேட்டேன். நீ எந்த நர்ஸ் என்றாய், அந்த ஆச்சாக்காரி என்றேன். நீ சிரித்தாய் பார், “அம்மா, அது நீதாம்மா! யாருன்னு தெரியக்கூடாதுன்னு வேலையை மாத்திச் சொல்லணும், அது எங்க சட்டம்மா” என்று. சரி, தன்மேல் தானே பொறாமைப்பட்ட பைத்தியம் என்று நானும் உன்னோடு சிரித்திருப்பேன். ஆனால் நீ விடாமல் அடுத்ததையும் சொன்னாய், இதெல்லாம் அப்பா சொன்னதும்மா, அவ ஆச்சான்னு கேட்டாத்தான் எனக்கு ஜெபமே முடியும்னு சொன்னாரும்மா என்றாய். அப்போதுதான் போனை வைத்தேன். அவர் அதைச் சொன்ன நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. போன லீவில் அவர் பேசுவதைப் பதிவு பண்ண நீயும் அப்பாவும் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தீர்கள், நடுவில் நீ தலையை மட்டும் நீட்டி, “அம்மா, பாத்திரச் சத்தம் மிஷின்ல விழுது, கொஞ்சம் மெதுவா” என்றாய். நான் கழுவுவதை நிறுத்திவிட்டு ஈரக்கையோடு நீங்கள் வெளியே வரும் வரைக்கும் நின்றேன். அந்தச் சத்தம்தான் நான். அதைத்தான் மிஷினில் விழக்கூடாது என்றாய். அவர் என்னிடம் ஒரு நாள் சொல்லியிருக்கக் கூடாதா? நான் சோறு ஆறிப்போகிறதே என்று கேட்டேன் பாப்பா, அது அவருடைய ஜெபத்தில் சேர்த்தி என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுத்து, இன்னும் கொஞ்சம் மெதுவாகக் கேட்டிருப்பேன். இப்போது அவர் குரல் உன்னிடம் இருக்கிறது, என்னிடம் சட்டைதான் இருக்கிறது.

அவர் தன் சாமியிடம் போய்விட்டார் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அந்தச் சாமிமேலேயும் எனக்குப் பொறாமைதான், மறைக்க மாட்டேன். என் சாமிக்கு வாசல் வேறு, அவர் சாமிக்கு வாசல் வேறு என்றால் நான் எந்தப் பக்கம் போய்த் தேடுவேன்? இதை நீ யாரிடமாவது கேட்டிருக்கிறாயா? அந்த வீடுகளில் என்ன சொன்னார்கள்? எனக்கும் சொல். நான் இப்போதும் விளக்கை ஏற்றிவிட்டு, தட்டைப் போட்டுவிட்டு, எதிர் நாற்காலியைப் பார்த்து ஆச்சா என்கிறேன். குழாய்தான் சொட்டுகிறது.

அடுத்த மாதம் நீ பாலத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு குடும்பத்தைக் கேட்க வருவதாகவும், அங்கே மூன்று நாள், என்னோடு ஒரு ராத்திரி தங்குவதாகவும் சொன்னாயே. அந்தக் குடும்பம் நல்லா இருக்கட்டும், அவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு ராத்திரி எனக்கு வேண்டாம், அலுப்பில் வந்து படுத்துத் தூங்கிவிட்டுப் போவாய். எனக்கும் பகலில் வா. நானும் இரண்டு சாமி இருந்த வீட்டுக்காரிதான், உன் ஆராய்ச்சிக்கு நானும் ஆகமாட்டேனா? மிஷினை மேசைமேல் வை, கதவைச் சாத்தாதே. முதலில் அப்பா பேசியதைப் போடு, அவர் முழுசும் பேசட்டும், நான் குறுக்கே வரமாட்டேன். அப்புறம் என்னைக் கேள். தெரியாதவளைக் கேட்கிற மாதிரி கேள், ஆமாம்மா தெரியும்மா என்று அவசரப்படுத்தாதே. வெளியே சொல்லும்போது என்னை நர்ஸாக்கு, டாக்டராக்கு, உன் இஷ்டம். கடைசியில் நீ ஆச்சாம்மா என்று கேட்பாய். ஆச்சு என்று நான் அத்தனை சீக்கிரம் சொல்லமாட்டேன், இப்போதே எழுதிவிட்டேன், அதற்குத் தகுந்த மாதிரி லீவு போட்டுக்கொண்டு வா.

உன் அப்பாவின் சாமியும் என் சாமியும் தங்களுக்குள் சண்டை போடாமல் உன்னைக் காப்பாற்றட்டும், நீ தொட்டது துலங்கட்டும், நீண்ட ஆயுசோடு இரு. மேடையில் தொண்டை அடைத்தால் பச்சைத் தண்ணீர் குடிக்காதே, வெந்நீர் குடி. குழாய்க்குச் சுற்ற நூல் நான் வாங்கி வைக்கிறேன், எப்படிச் சுற்ற வேண்டும் என்று அப்பா உனக்குத்தான் காட்டிக்கொடுத்தார்.

இப்படிக்கு
உன் அம்மா
(நர்ஸ் இல்லை, காஜா எடுக்கிறவள்)