நம் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்

அக்கா,

பக்கத்துத் தெருவில் யாரோ வீடு கட்டுகிறார்கள். ஈர சிமெண்ட் வாசம் காற்றில் வந்ததும் கண் தானாக மூடிக்கொண்டது. எழுபதுகளின் ஆரணி, ஊருக்கு வெளியே சொசைட்டி கட்டிக்கொடுத்த நெசவாளர் காலனி. எல்லா வீடும் ஒரே அச்சு, ஒரே மஞ்சள் சுண்ணாம்பு. குடிவந்த புதிதில் கடையிலிருந்து திரும்பும்போது எத்தனை முறை தவறி உன் வீட்டுக்குள் நுழைந்திருப்பேன்! "வந்தது வந்துட்ட, காப்பி குடிச்சிட்டுப் போ" என்பாய்.

பிளான் போட்ட எஞ்சினியர் தறியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை போலிருக்கிறது. உன் தறிக்குப் பாவு நூலை நீளமாக விரிக்க உன் கூடம் மூன்று முழம் போதவில்லை. உன் வீட்டுக்காரர் நம் பொதுச்சுவரில் ஓட்டை போட்டு, பாவை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை என் அடுப்பங்கரையில் முளையடித்துக் கட்டினார். என் வீட்டுக்காரருக்குச் சாயப்பட்டறையில் வேலை. எங்களுக்குத் தறி கிடையாது. மத்தியானங்களில் அந்த ஓட்டை வழியாக வெளிச்சமும் உன் தறிச் சத்தமும் சேர்ந்து வரும். அந்தப் பக்கம் கத்தரிப்பூ நிறப் பட்டு மெல்ல அசையும். பருப்பு வேகும்வரை அதையே பார்த்தபடி அரைத்தூக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அதே ஓட்டை வழியாகத்தான் ஒருநாள், என் மாமியார் வந்திருந்த நேரம் பார்த்து, "இன்னாடி, இன்னிக்கும் கொழம்பு அடி பிடிச்சிகிச்சா?" என்று கத்தினாய். மாமியார் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோபிக்காதே அக்கா. சுவரில் ஓட்டை போட்டிருக்கிறீர்கள் என்று சொசைட்டிக்கு அந்த மொட்டைக் கடுதாசியை இடது கையால் எழுதிப் போட்டவள் நான்தான்.

ஓட்டையை அடைக்கச் சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன். ஆபீசரே வந்து, "சுவர இடிச்சா அலாட்மெண்ட் கேன்சல்" என்றார். நீ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உங்களுக்குப் போக வேறு இடமில்லை. நான் ஓடிவந்து குறுக்கே நின்றேன்.

"எங்க சுவரும்தான் சார். நான்தான் இடிக்கச் சொன்னேன். ரெண்டு வீட்டையும் கேன்சல் பண்ணுங்க, உங்க ஆபீஸ் வாசல்லயே தறி போட்டுக்கிறோம்" என்றேன்.

"பேஜார் புடிச்ச காலனி" என்று முணுமுணுத்துப் பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம் பல வருஷம் "எந்தக் கட்டையில போறவன் எழுதினானோ" என்று திட்டுவாய். "யாராக்கா இருக்கும்?" என்று நானும் கூடவே கேட்பேன். வெட்கங்கெட்டவள்.

கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது என் கையைப் பிடித்துச் சொன்னாய்: "எழுதினவன் நல்லா இருக்கட்டும்டி. அவனாலதானே நீ எனக்குக் கூடப்பொறந்தவளா ஆன." வாயைத் திறந்தேன். அதற்குள் நீ தூங்கிவிட்டாய், அப்புறம் கண் விழிக்கவேயில்லை.

உன் சாபத்தையெல்லாம் சிரித்துக்கொண்டே தாங்கிவிட்டேன் அக்கா. இந்த ஒரு வாழ்த்தைத்தான் என்னால் இறக்கி வைக்க முடியவில்லை.