ஈசான மூலையில் இரண்டு காளான்கள்

தியாகராய நகர்,
கார்த்திகை 1972, செவ்வாய்.

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பெங்களூர் விடுதிச் சாப்பாடு இப்போதாவது வாய்க்குப் பிடிக்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். அப்பா எதுவும் கேட்கச் சொல்லவில்லை.

உன் ஆராய்ச்சிக்காக நீ தேடச் சொன்ன இரண்டாவது வகைக் காளான் கிடைத்துவிட்டது! பெசன்ட் நகரில் நம் மனை மணலிலேயே இரண்டு வகையும் அருகருகே நிற்கின்றன. இரண்டுக்கும் மெல்லிய காம்பு, சுண்டைக்காய் அளவு தலை. தட்டினால் உச்சித் துளை வழியே பழுப்புப் பொடி புகையாகக் கிளம்புகிறது. ஆனால் ஒன்றின் துளை குட்டிக் குழாய் மாதிரி நீண்டிருக்கிறது. மற்றதன் துளை ஓரம் நைந்த துணி போல இருக்கிறது. வயதானால் வாய் கிழியும், இரண்டும் ஒரே வகைதான் என்று உன் பேராசிரியர் சொன்னாரே, அது சரியில்லை அக்கா. நேற்று மணலை விட்டு எழுந்த புதுக் காளானுக்கும் நைந்த வாய்தான்.

பறித்து அனுப்பினால் போன தடவை போலத் தபாலில் தூளாகிவிடும். சுற்றிலும் வீடுகள் வந்துவிட்டன. வேறெங்கும் இவை இல்லை. வெள்ளிக்கிழமை நம் வீட்டுக்கும் கடைக்கால் பூஜை. முதல் மண்வெட்டி ஈசான மூலையில் விழும். காளான்கள் நிற்பதும் அங்கேதான்.

அப்பாவிடம் கெஞ்சினேன். "ஏட்டி, காளானுக்காவ ஈசான மூலையத் தெக்க தள்ளி வைக்கவா?" என்றார். அம்மா சிரித்துவிட்டாள். எனக்கு அழுகை வந்து, அக்காதான் தேடச் சொன்னாள் என்று உளறிவிட்டேன். தூத்துக்குடி மாப்பிள்ளையை நீ வேண்டாம் என்றதிலிருந்து உன் பேச்சை அப்பா முன்னால் யாரும் எடுப்பதில்லை. அவர் வாசல்வரை போய்த் திரும்பினார். பிறகு, "தேடச் சொன்னவ வந்து காட்டட்டும். வந்தா அந்த எடத்த விட்டு வெட்டுவோம். வராட்டி ஒம்பது மணிக்கு மண்வெட்டி விழும்" என்றார்.

காளான்களின் மேல் ஓலைக்கூடையைக் கவிழ்த்து வைத்திருந்தேன். இன்று பள்ளி விட்டுப் போய்ப் பார்த்தால், கூடையைச் சுற்றிச் செங்கல் அடுக்கியிருந்தது. சித்தாள் முனியம்மாள் சொன்னாள்: "உங்க நைனாதான் பாப்பா வச்சாரு. காத்துல கூடை பறந்து பூட்டா இன்னா பண்றதுன்னு முணுமுணுத்துக்கினே வச்சாரு. உன்னாண்ட சொல்லக்கூடாதாம்!"

இதை எக்ஸ்பிரஸ் தபாலில் போடுகிறேன். வியாழன் இரவு மெயில் ரயிலில் ஏறிவிடு. வீட்டுக்கு வரத் தயக்கமாக இருந்தால் நேரே மனைக்கு வா. அப்பாவிடம் வேறு எதுவும் பேச வேண்டாம். காளானைக் காட்டினால் போதும், அக்கா.

ஒன்பது மணிவரை அந்தக் கூடையை விட்டு நகராமல் நிற்கப்போகும் உன் தங்கை,
தேவானை